ஒன்பது மணிக்கும் விடியாத ஊரில் வீட்டுப் பள்ளிக்கூடம்: மனம் சோராமல் நடத்துவது எப்படி?

வளவுக்காரி | நவம்பர் 22

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் காரைக்குடி. ஆகஸ்ட்டிலிருந்து நார்வேயில், டிரான்ஹைம் என்ற ஊரில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு இங்கே ஓர் ஆய்வகத்தில் பத்து மாத வேலை. மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு.

இங்குள்ள பள்ளியில் சேர்க்கலாம், கட்டணம் கிடையாது. ஆனால் பாடமெல்லாம் நார்வே மொழியில். மகளோ ஜூனில் ஊருக்குத் திரும்பிப் பத்தாம் வகுப்பில் உட்கார வேண்டியவள். அதனால் நகராட்சிக்கு முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டு, நம் பாடநூல்களைத் தரவிறக்கி, இரண்டு பேருக்கும் நானே நடத்துகிறேன்.

ஆரம்பத்தில் என்ன உற்சாகம் தெரியுமா! எட்டு பீரியட், கால அட்டவணை, மணி அடிக்க எவர்சில்வர் தட்டும் கரண்டியும். செப்டம்பர் முழுக்க நன்றாகத்தான் போனது. இப்போது ஒன்பது மணிக்கு மேல்தான் விடிகிறது, மூன்று மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடுகிறது. காலை 8.30க்குத் தட்டைத் தட்டினால், "ராத்திரியிலேயேவா பாடம்?" என்கிறான் மகன். ஜன்னலைப் பார்த்தால் அவன் சொல்வதும் சரிதான்.

போன செவ்வாய்க்கிழமை வகுத்தல் கணக்கில் ஒரே தவற்றை நாலாவது முறை செய்தான். நான் கத்திவிட்டேன். அவன் அழவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "பள்ளிக்கூடத்துலயாவது மிஸ் நாலு மணிக்கு வீட்டுக்குப் போயிடுவாங்க" என்றான்.

குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன். ஊரிலிருந்து போன் செய்பவர்கள் எல்லோரும், "கொடுத்து வைச்சவ, பிள்ளைகளோட சந்தோஷமா இரு" என்கிறார்கள். எப்படி இருப்பது என்றுதான் கேட்கிறேன்.

---

மஸ்கட் ரிட்டர்ன் | நவம்பர் 22

முதலில் அந்தத் தட்டையும் கரண்டியையும் சமையலறைக்கே அனுப்பி வையுங்கள்.

நாங்கள் மஸ்கட்டில் ஒன்றரை வருடம் இருந்தபோது நானும் இதே கூத்தைத்தான் அடித்தேன். பள்ளியில் எட்டு பீரியட் இருப்பதற்குக் காரணம் அங்கே நாற்பது பிள்ளைகள் இருப்பதுதான். வருகைப் பதிவு, வரிசை, நோட்டு திருத்துவது, ஒருத்தன் தண்ணீர் குடிக்கக் கேட்பது, இதிலேயே பாதி நாள் போய்விடும். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தால் நான்காம் வகுப்புக்கு இரண்டு மணி நேரமே தாராளம். மிச்ச நேரத்தை அவனிடம் கொடுத்துவிடுங்கள். நீங்களும் நாலு மணிக்கு முன்னாலேயே "வீட்டுக்குப் போய்விடலாம்".

இன்னொன்று. என் பையன் வீட்டிலேயே நன்றாகப் படித்தான். திரும்பி வந்து காரைக்குடியில் பள்ளியில் சேர்த்தோம். மதிப்பெண் எல்லாம் வந்தது, பேச்சுதான் வரவில்லை. முதல் மூன்று மாதம் வகுப்பில் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. ஒன்றரை வருடம் அம்மாவிடம் மட்டுமே பேசிப் பழகியவன். அதை நினைத்தால் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அதனால் பாடத்தைக் குறைத்தாலும் பரவாயில்லை, உங்கள் பிள்ளைகள் விளையாட நாலு பிள்ளைகளைத் தேடுங்கள். மொழி தெரியாவிட்டால் என்ன, பந்துக்கு மொழி எதற்கு?

அப்புறம், உங்களுக்கு நார்வே வாய்த்தது ஒரு வகையில் நல்லது. என் கொழுந்தனார் குடும்பம் ஜெர்மனியில் இருக்கிறது. அங்கே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியே ஆக வேண்டும். வீட்டில் வைத்துப் பாடம் நடத்தச் சட்டத்தில் இடமில்லை.

---

தேவகோட்டைக்காரன் | நவம்பர் 23

தப்பாக நினைக்காதீர்கள். பத்து மாதம்தானே? அவரை மட்டும் அனுப்பிவிட்டு நீங்களும் பிள்ளைகளும் ஊரிலேயே இருந்திருக்கலாம். நம் பக்கத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனவர்கள் குடும்பத்தையா கூட்டிப் போனார்கள்? பிள்ளைகள் இங்கே படித்து நன்றாகத்தானே வந்தார்கள்?

---

கண்டனூர் அப்பத்தா | நவம்பர் 23
(அப்பத்தா சொல்லச் சொல்லப் பேரன் தட்டச்சு செய்கிறேன்)

தேவகோட்டைத் தம்பிக்கு முதல்ல. போனவுக நல்லா இருந்தாகன்னு எழுதிருக்க. வீட்டுல இருந்த பொம்பளைகளை யாராச்சும் கேட்டீகளா?

எங்க அப்பச்சி (அப்பா) பினாங்குக்குக் கொண்டுவிக்க, அதான் யாவாரத்துக்கு, போனாக. மூணு வருசக் கணக்கு. நான் தொட்டில்ல கிடக்கையில போனவுக, திரும்பி வந்து முகப்புல நிக்கையில, "யாரு ஆத்தா இவுக?"ன்னு கேட்டேனாம். எங்க ஆத்தா அதைச் சாகுற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். சிரிக்கையில கண்ணு கலங்கிரும். இத்தனை பெரிய வீடு, இத்தனை தூணு, வளவுல (வீட்டு உள்கட்டு) நடந்தா நம்ம கொலுசுச் சத்தந்தான் நமக்குத் துணை. அதனால பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போனது சரிதான் ஆத்தா. அதை நினைச்சு மருகாதே.

அடுத்தது கணக்கு. அந்தக் காலத்துல கடைக்குப் பெட்டியடிப் பையனா (வேலை பழகுற சின்னப் பையன்) போறவன் மீசை முளைக்கும் முன்னாடியே போவான். பேப்பர் பென்சில் கிடையாது, வட்டிக் கணக்கு வாயிலயே வரணும். அதை நாங்க பொம்பளைப் பிள்ளைகளும் திண்ணையில உக்காந்து கேட்டே படிச்சோம். உன் மகனை என்கிட்ட விடு. மத்தியானம் சாப்பிட்டு இரண்டரை மணிக்குச் சும்மாதான் படுத்திருக்கேன். அந்நேரம் உங்க ஊர்ல காலையில பத்து மணின்னு பேரன் சொல்றான். போன்ல கூப்பிடச் சொல்லு. உனக்கும் அரை மணி நேரம் காலை நீட்டி உக்காரலாம்.

---

செக்காலை கணக்கு வாத்தியார் | நவம்பர் 24

நான்காம் வகுப்புப் பையனை அப்பத்தாவிடம் விடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒன்பதாம் வகுப்பு அப்படியல்ல. சமையலறையில் பின்னம், தோட்டத்தில் அறிவியல் என்றெல்லாம் இணையத்தில் அழகழகாக எழுதுகிறார்கள். காரணிப்படுத்துதல் குழம்புக் கரண்டியில் வராது.

ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் எதை விட்டாலும் கீழே சொல்கிறதை விடாதீர்கள். கண மொழி. அது புரியாவிட்டால் பத்தாம் வகுப்பின் முதல் பாடமான உறவுகளும் சார்புகளும் புரியாது. இயற்கணிதம் முழுவதும். ஆயத்தொலை வடிவியல். முக்கோணவியல். புள்ளியியலை அவளே படித்துக்கொள்வாள்.

தினமும் காலையில் முதல் வேலையாக முக்கால் மணி நேரம். நீங்கள் பக்கத்தில் நிற்கக் கூடாது. அவளே போடட்டும், தவறாகவே போடட்டும், அடித்தல் திருத்தல் இல்லாமல் அப்படியே படம் எடுத்துச் சனிக்கிழமை எனக்கு அனுப்பட்டும். நான் திருத்தி அனுப்புகிறேன். தாய் திருத்தினால் சண்டை, அந்நியன் திருத்தினால் பாடம்.

ஊரில் அவள் படித்த பள்ளியில் இப்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள், ஜூனில் பத்தாம் வகுப்பில் எந்த முறையில் சேர்ப்பார்கள் என்று. வாய்ச்சொல் வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள். அது சரிவராவிட்டால் தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 14 வயது நிரம்பியிருந்தால் அதில் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். பொதுத்தேர்வும் வருடத்துக்கு இருமுறை நடக்கிறது. பயந்து சாக வேண்டியதில்லை.

மற்றபடி, சிரித்த முகத்தோடுதான் பாடம் நடத்த வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் கிடையாது. நான் 31 வருடம் சிரித்ததில்லை.

---

ஆத்தங்குடிப் பொண்ணு | நவம்பர் 24

வாத்தியார் சார், உங்ககிட்ட படிச்சவங்க யாராவது சிரிச்சிருக்காங்களான்னு கேட்டுச் சொல்லுங்க 😄

ஆச்சி, எல்லோரும் உங்களுக்கு யோசனை சொல்கிறார்கள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அண்ணன் என்ன பண்றாக? ஆய்வகத்திலிருந்து வந்த பிறகு அறிவியல் பாடத்தையாவது அவர் எடுக்கலாமே? விஞ்ஞானியை வீட்டில் வைத்துக்கொண்டு நீங்கள் வேதியியல் நடத்துவது, பணியாரச் சட்டியைப் பரணில் வைத்துவிட்டுத் தோசைக்கல்லில் பணியாரம் ஊற்றுகிற மாதிரி.

எங்கள் வீட்டில் டைல்ஸ் தொழில். ஆயத்தொலை வடிவியல் என்று சார் சொன்னதும் எனக்கு எங்கள் பட்டறைதான் ஞாபகம் வந்தது. இரும்புச் சட்டத்துக்குள்ளே கண்ணாடித் தகடு, அதன் மேல் பூ வடிவ அச்சு. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கலரை அகப்பையால் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே சிமெண்டும் மணலும். அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் ஊற வேண்டும். கண்ணாடி பட்ட பக்கம்தான் பளபளப்பு. ஒரு கல்லில் இருப்பது பல சமயம் கால் பூதான். நாலு கல்லைச் சுற்றிச் சுற்றி வைத்தால்தான் முழுப் பூ. என் தம்பி எட்டாம் வகுப்பில் கணக்கில் தோற்றவன், ஆனால் எந்தக் கல்லை எந்தப் பக்கம் திருப்பினால் பூ கூடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். வரைபடத்தாளில் ஒரு கால் பூவை உங்கள் மகளை வரையச் சொல்லுங்கள். மீதி மூன்று காலையும் புள்ளிகளை மட்டும் வைத்துப் போட வேண்டும். கூட்டல் குறி எங்கே கழித்தல் குறியாகிறது என்று தானாகப் பிடிபடும். நாலைந்து வடிவங்களைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

---

வளவுக்காரி | டிசம்பர் 21

ஒரு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நல்ல செய்தியும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது.

தட்டு சமையலறைக்குப் போய்விட்டது. விடிந்த பிறகுதான் மகனுக்குப் பாடம். 10 மணிக்கு அப்பத்தா. நான் கூடவே உட்கார்ந்து கேட்டேன், எனக்கே புதிது. ஒன்றில் இருபதில் ஒரு பங்கு மா. மாவை நாலாக்கினால் காணி. காணியை நாலாக்கினால் முந்திரி. ஆக, ஒன்றுக்கு 320 முந்திரி. "முந்திரிப்பருப்பா அப்பத்தா?" என்று கேட்டான், அந்தப் பக்கம் ஐந்து நிமிடம் சிரிப்பு. இம்மியளவும் என்கிறோமே, அந்த இம்மியும் பின்னக் கணக்கில் ஒன்றுதானாம். நாலு முறை கத்தியும் வராத வகுத்தல், இதில் தானாக வந்தது. நேற்று சாக்லேட்டை உடைத்து அக்காவிடம் நீட்டி, "உனக்கு ஒரு மா" என்றான். இருபதில் ஒன்று என்று புரிந்ததும் அவள் அடிக்கத் துரத்தினாள்.

ஆத்தங்குடித் தங்கச்சி கேட்ட கேள்வியை அவரிடம் அப்படியே படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. இப்போது மாலை 5.30க்கு அறிவியல் அவர் பொறுப்பு. அந்த நேரத்தில் நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே கிளம்பிவிடுகிறேன். இங்கே இருட்டில் நடக்க எல்லோரும் கோட்டில் ஒளிரும் பட்டை மாட்டிக்கொள்கிறார்கள். நானும் ஒன்று வாங்கிவிட்டேன். பனியில் நாலு தெரு நடந்து, நூலகத்தில் ஒரு ஓரமாக உட்கார்ந்து வருகிறேன். என் உற்சாகத்துக்கு யோகாவும் இல்லை, தியானமும் இல்லை. இந்த ஒரு மணி நேரம்தான்.

இன்று வருடத்திலேயே மிகக் குட்டிப் பகல். 10 மணிக்கு உதயம், 2.30க்கு அஸ்தமனம். மகள் அக்டோபரிலிருந்து தினமும் உதயமும் அஸ்தமனமும் குறித்து வைக்கிறாள் (புள்ளியியலை அவளே படித்துக்கொள்வாள் என்று சார் சொன்னாரே, அதற்காக). காரைக்குடிக்கும் அதே நாட்களில் எடுத்து இரண்டையும் ஒரே தாளில் வரைந்தாள். இந்த ஊர்க் கோடு மலை இறங்குவது போல இறங்குகிறது. நம் ஊர்க் கோடு படுத்துக் கிடக்கிறது. நம் ஊரில் இன்றைக்கும் பதினொன்றரை மணி நேரப் பகல். வருடம் முழுக்கப் பார்த்தாலும் ஒரு மணி நேரம், சற்றுக் கூடத்தான் வித்தியாசம். "இதனாலதான் நம்ம ஊர்ல யாரும் வெயிலைப் பத்திச் சந்தோஷமாப் பேசுறதே இல்லை" என்றாள்.

கெட்ட செய்தி: போன வாரம் முழுக்கப் பாடமே நடக்கவில்லை. யாருக்கும் எழுந்திருக்கவே முடியவில்லை. நான் திட்டினேன், அவள் கதவை அறைந்தாள், அவன் ஒரு நாள் முழுக்கப் போர்வைக்குள்ளேயே இருந்தான். நகராட்சியிலிருந்து ஓர் அம்மா பார்க்க வருவதாக இருந்ததும் அந்த வாரம்தான். எனக்குக் கை காலெல்லாம் உதறல். வந்தவர் நோட்டுகளைப் புரட்டினார், இரண்டு கேள்வி கேட்டார். அப்புறம் மகனைப் பார்த்து, "தினமும் வெளியே எவ்வளவு நேரம் விளையாடுகிறாய்?" என்றார். அவன் என் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு என்னிடம் பதில் இல்லை.

---

மஸ்கட் ரிட்டர்ன் | டிசம்பர் 21

நான் என்ன சொன்னேன்! பந்து, பந்து, பந்து. நாளைக்கே வெளியே தள்ளுங்கள். பாடம் நடக்காத வாரத்தை விடுமுறை என்று எழுதிவிடுங்கள். பள்ளிக்கூடத்துக்கு அரையாண்டு விடுமுறை உண்டு, உங்களுக்கு மட்டும் கிடையாதா?

---

தேவகோட்டைக்காரன் | டிசம்பர் 28

அப்பத்தா சொன்னதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. என் அப்பத்தாவிடம் நான் ஒரு நாளும் இதைக் கேட்டதில்லை. இனிமேல் கேட்கவும் முடியாது.

சரி, என்னால் ஆனது ஒன்று. நேற்று வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குப் போனேன். கொக்கும் நாரையுமாக மரம் வெள்ளையாக இருக்கிறது. பத்து நிமிடம் வீடியோ எடுத்து உங்கள் மகனுக்கு அனுப்பியிருக்கிறேன். பக்கத்தில் கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்குக் கூட வெடி போட மாட்டார்கள், பறவைகள் மிரண்டுவிடும் என்று. அதையும் அவனுக்குச் சொல்லுங்கள். அங்கே அவன் பார்க்கும் பறவைகளை அவன் எடுத்து எனக்கு அனுப்பட்டும். ஒன்றுக்கு ஒன்று.

---

வளவுக்காரி | ஜனவரி 15

நேற்று பொங்கல் வைத்தோம். சூரியன் வரும் நேரத்துக்குத்தானே வைக்க வேண்டும்? இங்கே உதயம் 9.40 வாக்கில். என் வாழ்நாளில் இப்படி நிதானமாக, தூங்கி எழுந்து, காபி குடித்துவிட்டுப் பொங்கல் வைத்ததே இல்லை. மேகம், சூரியன் முகம் காட்டவில்லை. இருந்தாலும் அடுப்பு மின்சார அடுப்புதானே, பால் பொங்கிவிட்டது. எதிர்வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் சர்க்கரைப் பொங்கலைச் சுரண்டிச் சாப்பிட்டார்கள். ஆமாம் மஸ்கட் அக்கா, பந்து வேலை செய்தது. பந்து இல்லை, பனிச்சறுக்குப் பலகை. என் மகனுக்கு இப்போது நார்வே மொழியில் "என் முறை", "நகரு", "நீ ஏமாற்றுகிறாய்" மூன்றும் சுத்தமாக வருகிறது.

வாத்தியார் சார், மகள் உங்கள் சிவப்பு மையைப் பார்த்தால் நடுங்குகிறாள். ஆனால் சனிக்கிழமை காலை போனை அவள்தான் முதலில் எடுக்கிறாள்.

---

செக்காலை கணக்கு வாத்தியார் | ஜனவரி 15

முக்கோணவியலில் அட்டவணையை மனப்பாடம் செய்கிறாள், படம் வரைவதில்லை. படம் வரையாமல் எழுதிய விடையை இனி திருத்த மாட்டேன். சொல்லிவிடுங்கள்.

---

கண்டனூர் அப்பத்தா | மார்ச் 30
(பேரன்)

நேத்து நான் சோத்துல கையை வைக்கையில போன் அடிக்குது. எடுத்தா உன் மகன். ஒண்ணரை மணிக்கே கூப்பிட்டுட்டு, "இங்க பத்து மணி அப்பத்தா, கடிகாரத்தை முன்னாடி தள்ளிட்டாங்க"ன்னு சட்டம் பேசுறான். கடிகாரத்தை அவுக தள்ளட்டும். என் சாப்பாட்டை யாரு தள்ளுறது? இனிமே பதினோரு மணிக்குக் கூப்பிடச் சொல்லு.

---

வளவுக்காரி | ஜூன் 19

காரைக்குடி வந்து மூன்று வாரம் ஆகிறது. கிளம்புகிற அன்று அங்கே ராத்திரி பத்து மணிக்கு மேலும் வெளிச்சம். இங்கே ஏழு மணிக்கெல்லாம் இருட்டியதும் மகன், "ஏன் இவ்வளவு சீக்கிரம் லைட்டை அணைச்சிட்டாங்க?" என்று வாசலில் நின்று கேட்கிறான். வெயில் தாங்காமல் நாள் முழுக்க வளவுத் தரையில் படுத்துக் கிடக்கிறான். அப்படிப் படுத்துக்கொண்டே எந்தக் கல் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடித்தான். எண்பது வருடமாக இந்த வீட்டில் யாரும் கவனித்ததில்லையாம். ஆத்தங்குடித் தங்கச்சிக்குப் படம் அனுப்பியிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கண்டனூர் போய் அப்பத்தாவைப் பார்த்தோம். அவன் நேரே போய் மடியில் உட்கார்ந்துவிட்டான். பத்து வயது! யார் ஆத்தா இவன் என்று அவரும் கேட்கவில்லை.

மகளுக்குப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் சேர்ப்பதற்கு முன் தேர்வு வைத்தார்கள். தேறிவிட்டாள். கணக்கில் 71. வாத்தியார் சாருக்கு நன்றி என்று சொன்னால் போதாது.

---

செக்காலை கணக்கு வாத்தியார் | ஜூன் 19

29 எங்கே போனது? ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு விடைத்தாளோடு செக்காலைக்கு வரச் சொல்லுங்கள். அளவுகோல் கொண்டு வரட்டும்.